நிவாரண முகாமில் சாப்பாட்டுப் பொறுப்பு: முதல்முறை போகிறவர்களுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மூன்றாம் நாள் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட முகாம் ஒன்றுக்குப் போனேன். அரிசி வந்தால் வடிக்க வேண்டும், பந்தி போட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. வேளைக்கு ஒரு வண்டி பொட்டலம் வந்து இறங்கியது. மீந்ததை மாட்டுக்குக் கொட்டினோம். அப்படியிருந்தும் பத்து நாளில் சில குழந்தைகளுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது.

சோறு மீந்த இடத்தில் குழந்தை எப்படி மெலியும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். வயிற்றுப்போக்கு, கெட்ட தண்ணீர், மூன்று வேளையும் ஒரே சாதம், வரிசைக்கே வராத ஆட்கள் என்று காரணங்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். அடுத்த புயலுக்கோ வெள்ளத்துக்கோ முதல்முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக, நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டு

முகாமுக்குள் போனதும் அடுப்புப் பக்கம் போகாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பாய் பாயாக உட்கார்ந்து பேசுங்கள். வி.ஏ.ஓ.விடம் தலைக்கணக்கு இருக்கும். உங்களுக்கு வேண்டியது வேறு கணக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகள் எத்தனை, ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை எத்தனை, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், எழுந்து வர முடியாத பெரியவர்கள், சர்க்கரை நோயாளிகள், அதிலும் இன்சுலின் போடுகிறவர்கள். பெயரோடு, எந்த வகுப்பறையில் எந்த மூலையில் படுத்திருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அந்த ஊர் அங்கன்வாடி டீச்சரைத் தேடிப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்த வீட்டில் எத்தனை குழந்தை, எது ஏற்கெனவே எடை குறைவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பரையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களும் அதே புயலில் வீட்டுக்கூரையைப் பறிகொடுத்தவர்களாக இருக்கலாம். முதலில் "நீங்க சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று கேளுங்கள்.

தண்ணீரும் கக்கூசும்

சாப்பாட்டுக் கட்டுரையில் கக்கூஸ் எதற்கு என்று தோன்றும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. அது மட்டுமில்லை. எங்கள் முகாமில் இரண்டாம் நாள் இரவிலிருந்து பெண்கள் பலர் சாப்பாட்டை அரை வயிறாகவே வைத்துக்கொண்டார்கள். மாலைக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. பசியில்லையோ, துக்கமோ என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டிதான் போட்டு உடைத்தார்: "ராத்திரி இருட்டுல எங்கப்பா போறது?" ஒரு எமர்ஜென்சி விளக்கும், கதவுக்குத் தாழ்ப்பாளும், கூட ஒருவர் போய்வரும் ஏற்பாடும் செய்த பிறகு சோற்று அண்டா வேகமாகக் காலியானது. சர்வதேச அளவில் நிவாரண வேலைக்கு அடிப்படையாக வைத்திருக்கும் ஸ்பியர் கையேடு 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று சொல்கிறது. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்துத்தான் இந்த 15.

கடல் உள்ளே வந்த ஊரில் கிணறும் அடிபம்பும் உப்பாகிவிடும். கொதிக்க வைத்தாலும் குளோரின் போட்டாலும் உப்பு போகாது. லாரித் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். கலங்கல் தண்ணீரை முதலில் வெள்ளை வேட்டியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். பிறகு குளோரின் மாத்திரை. எவ்வளவு தண்ணீருக்கு ஒரு மாத்திரை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் படியுங்கள். போட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். குடிநீர்ப் பாத்திரத்துக்கு மூடியும் நீள அகப்பையும் கட்டாயம். ஆளுக்கு ஆள் டம்ளரை உள்ளே விட்டு மொண்டால் குளோரின் போட்டது வீண்.

தண்ணீர் பாட்டில் வண்டி வராத அன்று, புயலில் விழுந்து கிடந்த இளநீரை வெட்டிக் கொடுத்தோம். நாலைந்து நாளைக்கு அது ஓடியது. வெட்டியவர் அந்தத் தோப்புக்காரரேதான். அவர் முகத்தைப் பார்த்து என்னால் குடிக்க முடியவில்லை.

பொட்டலத்திலிருந்து அடுப்புக்கு

முதல் இரண்டு மூன்று நாள் பொட்டலம்தான் வழி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 350 கிராம் எலுமிச்சை சாதத்தில் சுமார் 500 கலோரி இருக்கும், புரதம் 10 கிராமைக்கூடத் தொடாது. மூன்று வேளையும் புளிசாதம், எலுமிச்சை சாதம், தக்காளி சாதம் என்று சுழன்றால் வயிறு நிறையும், சதை கரையும். இன்னொன்று, காலை ஐந்து மணிக்குக் கட்டிய பொட்டலம் மதியம் ஒரு மணிக்கு வந்து சேரும். சமைத்து நாலு மணி நேரம் தாண்டிய சாதத்தை வாங்காதீர்கள். கொண்டுவந்தவர் மனம் புண்படும்தான். "அண்ணே, குழந்தைங்க இருக்காங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முகாமிலேயே அடுப்பு மூட்டுங்கள். சமையலுக்கு வெளியாள் வேண்டாம். கல்யாண வீட்டில் அண்டா இறக்கிய கைகள் ஊரிலேயே இருக்கும். வேலை செய்யும்போது அவர்களுக்கும் கொஞ்சம் மனம் ஆறுகிறது.

கணக்கு இப்படி. பெரியவர், சிறியவர் எல்லாரையும் சேர்த்து சராசரியாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி வேண்டும் என்பது ஸ்பியர் கையேட்டின் அளவு. நம் சாப்பாட்டில் அதைக் கொண்டுவர அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 30 கிராம், வேர்க்கடலை 30 கிராம், வெல்லமோ சர்க்கரையோ 20 கிராம் போதும். 200 பேர் இருந்தால் ஒரு நாளைக்கு அரிசி 80 கிலோ, பருப்பு 12 கிலோ, எண்ணெய் 6 கிலோ, கடலை 6 கிலோ, வெல்லம் 4 கிலோ. காய்கறி குறைந்தது 20 கிலோ. உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

இந்தக் கணக்கில் அரிசி தானாக வந்துவிடும். வராமல் போவது பருப்பும் எண்ணெயும்தான். "என்ன அனுப்பட்டும்?" என்று ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் துவரம்பருப்பு, கடலெண்ணெய், பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், முட்டை என்று சொல்லுங்கள். பழைய துணி வேண்டவே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் மலை மலையாகக் குவிந்த துணியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அரிசியில் தேர்வு இருந்தால் புழுங்கல் அரிசி கேளுங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்ற பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால் பெரிபெரி வரலாம், கால் மரத்துப்போகும், வீங்கும். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918-இல் நம் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கியதுதான்.

கீரைக்குக் கவலை வேண்டாம். புயலில் முதலில் முறிவது முருங்கை. இரண்டு நாளைக்குள் உருவினால் அண்டா அண்டாவாகச் சாம்பாரில் போடலாம். கடலோரத்தில் நெத்திலிக் கருவாடு கிடைத்தால் விடாதீர்கள், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒரே கைப்பிடியில். அசைவம் சாப்பிடாதவர்களுக்குத் தனி அடுப்பு வையுங்கள். அதில் வாதாட வேண்டாம்.

கைக்குழந்தைகள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். நான் செய்ததிலேயே பெரிய தப்பு இங்கேதான்.

கிளம்பும்போது ஆறு டப்பா பால்பவுடரும் பாட்டில்களும் வாங்கிக்கொண்டு போனேன். நல்ல மனசோடுதான். அங்கே கைக்குழந்தையோடு இருந்த தாய்மார்கள் எல்லாரும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். டப்பாவைப் பார்த்ததும் இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். கலக்கச் சுத்தமான தண்ணீர் இல்லை, பாட்டிலைக் கொதிக்கவைக்க அடுப்பு இல்லை. அதில் ஒரு குழந்தைக்கு மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த செவிலியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விட்ட டோஸ் இன்னும் காதில் இருக்கிறது.

2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது இதே கதை பெரிய அளவில் நடந்தது. தானமாக வந்த பால்பவுடரை வாங்கிய குழந்தைகளில் சுமார் 25 சதவீதத்துக்கு வயிற்றுப்போக்கு. வாங்காதவர்களில் சுமார் 12 சதவீதம். நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே குழந்தைப் பால்பவுடரையும் பால் பாட்டிலையும் அநாதை இல்லம் தவிர வேறு யாருக்கும் தானம் செய்யக் கூடாது என்கிறது. எனக்கு அப்போது தெரியாது.

"அதிர்ச்சியில பால் வத்திப்போச்சு" என்று அம்மாவே சொல்வார், பக்கத்தில் இருக்கும் பெரியவர்களும் சொல்வார்கள். பெரும்பாலும் வற்றியிருக்காது. பயத்திலும் அழுகையிலும் பால் இறங்குவது தடைப்படும், சுரப்பது நிற்பதில்லை. குழந்தையை அடிக்கடி மார்பில் விட்டால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். பாட்டிலைக் கொடுத்து மார்பில் விடுவதை நிறுத்தினால்தான் உண்மையிலேயே வற்றும். உங்கள் வேலை மூன்று: வகுப்பறையின் ஒரு மூலையைச் சேலை கட்டி மறைத்துக் கொடுப்பது, தாய்க்குக் கூடுதலாக ஒரு வேளை சாப்பாடும் நிறையத் தண்ணீரும் கொடுப்பது, பால் கொடுத்துப் பழகிய அக்கா ஒருவரை அவர் பக்கத்தில் உட்காரவைப்பது. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும், கர்ப்பிணிக்கு 350. ஒரு முட்டை, ஒரு கைப்பிடிக் கடலை, ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி என்று மாலை நாலு மணிக்குத் தனியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். வரிசையில் கொடுத்தால் அவர் அதை மூத்த பிள்ளைக்கு ஊட்டிவிடுவார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தால் அவரே சாப்பிடுவார்.

தாயை இழந்த குழந்தை, ஏற்கெனவே பவுடர் பாலில் மட்டுமே வளரும் குழந்தை ஆகியோருக்கு மாற்றுப் பால் வேண்டும்தான். அதை டாக்டரோ செவிலியரோ சொல்லி, அந்த ஒரு குழந்தைக்கு மட்டும், தினமும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு கொடுக்க வேண்டும். பாட்டில் வேண்டாம், குழந்தைக்குப் பால் புகட்டும் நம் பழைய பாலாடைச் சங்கு போதும். கழுவ எளிது.

ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை

முகாமில் அதிகம் வாடுவது இவர்கள்தான். பெரியவர்களின் காரச் சாம்பார் சாதம் இறங்காது, அழுதால் பிஸ்கட் கிடைக்கும். நாள் முழுவதும் பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு இருக்கும் குழந்தை பசியாறியதுபோலத் தெரியும். நன்கொடை பிஸ்கட்டையும் சிப்ஸையும் நீங்களே பூட்டி வையுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

பெரிய அண்டாவில் மிளகாய் போடும் முன், பருப்பும் சோறும் ஒரு வாளி தனியாக எடுத்துவிடுங்கள். குழைய மசித்து, ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டு, வெந்த காயோ கீரையோ சேர்த்துப் பிசையலாம். அங்கன்வாடி சத்துமாவு இருந்தால் கஞ்சி. கஞ்சி ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று ஓடக் கூடாது. நீர்க்கக் கரைத்தால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு மூன்று தடவை, அதற்கு மேல் மூன்று நாலு தடவையும் நடுவில் ஒரு தீனியும். தாய்ப்பால் இரண்டு வயது வரை கூடவே போகட்டும்.

கைச்சுற்றளவு நாடா

மெலிந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ மூன்று நிற நாடா இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் முடிந்து ஐந்து வயதுக்குள் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் வாரத்திலேயே அளந்துவிடுங்கள். இடது கை. தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தொங்கவிட்டு, புள்ளியின் மேல் நாடாவைச் சுற்றுங்கள். சதை அழுந்தவும் கூடாது, நாடா தளரவும் கூடாது.

12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5-இலிருந்து 12.5-க்குள் மஞ்சள்: கூடுதல் உணவு, அடுத்த வாரம் மறுபடி அளவு. 11.5-க்குக் கீழே சிவப்பு: கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, அன்றே செவிலியரிடம் காட்ட வேண்டும். அடுத்து இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் நாடா பச்சை காட்டினாலும் ஆஸ்பத்திரிதான். அந்த வீக்கத்தைப் பார்த்து "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு" என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு.

சிவப்பில் வந்த குழந்தையைப் பார்த்ததும் பரிதாபத்தில் தட்டு நிறையப் பிசைந்து ஊட்டத் தோன்றும். வேண்டாம். நெடுநாள் வாடிய உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மருத்துவக் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை தாய்ப்பால் கொடுக்கலாம், உடம்பைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளலாம்.

வயிற்றுப்போக்கு வந்தால்

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதன் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் கொடுப்பது பார்த்திருக்கிறேன், அது கெடுதல். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200. ஸ்பூனால் மெதுவாக. பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. துத்தநாக மாத்திரையைச் செவிலியரிடம் கேளுங்கள், பேதி நின்றாலும் 14 நாள் முடிக்க வேண்டும். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். "வயித்தைக் காயப்போடு" என்று பாட்டிமார் சொல்வதை மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். கண் குழிந்து, சிறுநீர் வராமல், குடிக்கவும் முடியாமல் துவண்டால், அல்லது மலத்தில் ரத்தம் இருந்தால், உடனே 108.

வரிசைக்கு வராதவர்கள்

பந்தி முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். பல்செட் புயலில் போய், மென்று தின்ன முடியாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தா இருப்பார். அவருக்குக் குழைந்த சோறு. சர்க்கரை மாத்திரை வீட்டோடு போனவர் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு தின்றுகொண்டிருப்பார். மாத்திரைச் சீட்டு இல்லாவிட்டாலும் சுகாதார நிலையத்தில் பெயர் சொன்னால் பெரும்பாலும் பதிவேட்டில் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. இன்னும் சிலர் பக்கத்துச் சாதிக்காரர்களோடு ஒரே பந்தியில் உட்கார வைக்கப்படாமல் வெளியே நிற்பார்கள். அதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை என்று நோட்டு சொல்லும். அந்தத் தெருவுக்கு நீங்களே நடந்து போங்கள்.

முகாம் கலைந்த பிறகு

டிவி வண்டிகள் கிளம்பும், பொட்டலம் நிற்கும், ஆட்கள் தார்ப்பாய் போட்ட வீட்டுக்குத் திரும்புவார்கள். உண்மையான பசி அங்கேதான் ஆரம்பிக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வேரோடு சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருடம். படகு உடைந்தவருக்குக் கடலும் இல்லை, கூலியும் இல்லை. ரேஷன் அரிசி வந்துவிடும், அதனால் அடுப்பு எரியும். முட்டை, பால், பழம் மூன்றும் வீட்டிலிருந்து சத்தமில்லாமல் போய்விடும்.

ஆகவே வீடு திரும்பும்போது நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அங்கன்வாடியும் பள்ளிச் சத்துணவும் எப்போது திறக்கும் என்று கேட்டு, கட்டடம் இடிந்திருந்தால் வேறு இடத்திலாவது தொடங்க வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ரேஷன் கார்டு வெள்ளத்தில் போனவர்களின் பட்டியலையும் அதோடு சேருங்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அதே குழந்தைகளுக்கு மறுபடி நாடா சுற்றுங்கள். நாங்கள் பிப்ரவரியில் போனபோது, முகாமில் பச்சையில் இருந்த மூன்று குழந்தைகள் மஞ்சளுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா எங்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். "பால் வாங்குறதில்லீங்க" என்றார்.